டிரிகர்களை ஒரே டிரான்சாக்ஷனுக்குள் முடக்குதல்

டேபிளில் பதிவு சேரும்போதும் மாறும்போதும் அழியும்போதும் தரவுத்தளம் தானாக இயக்கும் நிரலுக்கு டிரிகர் என்று பெயர். மொத்தமாகத் தரவு ஏற்றும்போது, அந்த ஒரு டிரான்சாக்ஷன் முடியும்வரை மட்டும் அதை நிறுத்திவைக்கும் தேவை அடிக்கடி எழுகிறது.

நாமக்கல் முட்டை வியாபாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். லோடு பதிவானதும் அதிலுள்ள அட்டைகளை (அட்டைக்கு 30 முட்டை) இருப்பில் கழித்து, பண்ணையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு டிரிகர் இருக்கிறது. பழைய எக்செல் தாள்களில் கிடக்கும் லோடு விவரங்களை அதே டேபிளில் ஏற்றினால், என்றோ விற்றுத் தீர்ந்த முட்டைக்கு இன்றைய இருப்பு குறையும். ராசிபுரம் முதல் பரமத்திவேலூர் வரை பண்ணைக்காரர்களின் போன் ஓயாது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் முதல் வழி, ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையில் ‘டிஸேபிள் டிரிகர்’ கொடுத்து, வேலை முடிந்ததும் ‘எனேபிள்’ செய்வது. அங்கே இக்கட்டளையும் டிரான்சாக்ஷனுக்குக் கட்டுப்பட்டது. நடுவில் ரோல்பேக் ஆனால் டிரிகர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனேபிளை மறந்து கமிட் செய்தால்தான் வினை: எல்லோருக்கும் டிரிகர் முடங்கிக் கிடக்கும். கமிட் வரை டேபிள் பூட்டப்பட்டிருக்கும். 9.5 பதிப்பு முதல் மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. சாயங்கால லோடிங் நேரத்தில் இதைத் தொட்டால் பில் போடுபவர் திரையைப் பார்த்தபடி உட்கார வேண்டியதுதான். கமிட்டின்போது சரிபார்க்கும்படி ஒத்திவைத்த ஃபாரின் கீ (வேறு டேபிளில் உள்ள பதிவையே சுட்ட வேண்டும் என்ற விதி) இருந்தால், எனேபிள் செய்யும் இடத்தில், டிரிகர் வேலை பாக்கியிருக்கிறது என்று பிழை வரும். ‘செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இமீடியட்’ கொடுத்து அந்த பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, 2008இல் வெளியான 8.3 பதிப்பில் வந்த ‘செஷன் ரெப்ளிகேஷன் ரோல்’ என்ற அமைப்பு. இதை ‘செட் லோக்கல்’ மூலம் ‘ரெப்ளிகா’ ஆக்கினால் சாதாரண டிரிகர்கள் அந்த டிரான்சாக்ஷனில் மட்டும் ஓடா. டேபிள் பூட்டு இல்லை, மறதிக்கும் இடமில்லை. வழக்கமாக சூப்பர்யூசர் உரிமை வேண்டும். 15ஆம் பதிப்பு முதல் இந்த அமைப்பை மாற்றும் உரிமையை மட்டும் தனியே வழங்கலாம்.

வசதியான இந்த வழியில்தான் பெரிய குழி. போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீயையே உள் டிரிகர்களால்தான் காக்கிறது. ரெப்ளிகா நிலையில் அந்தக் காவலும் போய்விடும். இல்லாத பண்ணையின் எண்ணோடு ஏற்றிய லோடும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். பிறகு டிரிகர் உயிர்பெற்றாலும் பழைய பதிவுகளை அது திரும்பிப் பார்க்காது. ‘டிஸேபிள் டிரிகர் ஆல்’ கொடுத்தாலும் இதே கதைதான். ‘ஆல்’ என்பதற்குப் பதில் ‘யூசர்’ என்று கொடுத்தால் ஃபாரின் கீ தப்பும். நாட் நல், செக், ஒத்திவைக்க இயலாத யுனீக் விதிகள் டிரிகரைச் சார்ந்தவை அல்ல, அவை எப்போதும் விழித்திருக்கும்.

டிரிகரை எழுதுபவரே முன்யோசனையோடு ஒரு கதவு வைப்பதுதான் நல்லது. ‘செட் லோக்கல்’ மூலம் சொந்தப் பெயரில் ஒரு அமைப்பை வைத்து, டிரிகர் தன் முதல் வரியில் அதைப் பார்த்து விலகிக்கொள்ளும்படி செய்யலாம். பூட்டு விழாது, சூப்பர்யூசர் தேவையில்லை, ஃபாரின் கீயும் காவலில் இருக்கும்.

மற்ற தரவுத்தளங்களில் நிலைமை வேறு. ஆரக்கிளில் டிரிகரை முடக்கும் கட்டளையே அதுவரையான வேலையைக் கமிட் செய்துவிடுவதால், ஒரே டிரான்சாக்ஷனுக்குள் முடக்கி மீட்பது நடவாது. மைஎஸ்கியூஎல்லில் டிரிகரை முடக்கும் கட்டளையே இல்லை. அங்கே டிரிகருக்குள் செஷன் மாறியைச் சோதிப்பதே வழக்கம். எஸ்கியூஎல் சர்வரில் ‘டிஸேபிள் டிரிகர்’ ரோல்பேக்குக்குக் கட்டுப்படும், ஆனால் பூட்டு கடுமையானது. படிப்பவர்களும் காத்திருக்க வேண்டும்.