தாலிக்கு முந்தைய மாலை

சென்னைக் கல்யாணங்களில் ஒரு விநோதம் உண்டு. தாலி கட்டுவது நாளைக் காலை. ஆனால் ஊரே திரண்டு வந்து வாழ்த்துவது இன்றைக்குச் சாயங்காலம். இன்னும் கணவன் மனைவி ஆகாத இரண்டு பேருக்குக் கைகொடுத்து, போட்டோவுக்கு நின்று, மொய்க்கவரை நீட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறோம். இங்கேயே வளர்ந்தவர்களுக்கு இதில் எதுவும் உறுத்தாது. என் தங்கை கல்யாணப் பேச்சு நடந்தபோது திருநெல்வேலி அத்தைதான் கேட்டார்: "தாலி ஏறாம ரெண்டு பேரையும் ஜோடியா மேடையில நிறுத்துவியளோ? இது எந்த ஊரு மொறைலே?"

அதற்கான பதிலை நான் எந்தச் சாஸ்திரத்திலும் தேடவில்லை. மண்டபம் தேடி அலைந்தபோது தானாகவே கிடைத்தது.

பல்லாவரத்தில் ஆரம்பித்து குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கினோம். மாலைக்கு ஆயிரம் பேர் என்பது எங்கள் கணக்கு. நாங்கள் பார்த்த மண்டபங்களில் வாடகை நாள் மதியம் மூன்று மணிக்குப் பிறந்து, மறுநாள் மதியம் மூன்று மணிக்கு முடிகிறது. காலை முகூர்த்தத்துக்கு மண்டபம் எடுத்தால் முந்தைய மாலை கூடவே வந்துவிடும். தாலி கட்டிய அன்று மாலையே ரிசப்ஷன் என்றால் இரண்டாவது நாள் வாடகை கொடுக்க வேண்டும். கொடுக்கத் தயார் என்றாலும் அது வளர்பிறை முகூர்த்த நாளாக இருந்தால் கிடைக்காது. அடுத்த கல்யாணக்காரர்களின் சீர்வரிசை வேன் மூன்று மணிக்கே வாசலில் வந்து நிற்கும்.

இன்னொரு பாடமும் கற்றோம். ஹாலில் எத்தனை நாற்காலி என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மேனேஜர் சிரித்தபடி, "நாற்காலியை விடுங்க சார், எத்தனை இலைன்னு கேளுங்க" என்றார். டைனிங் ஹாலில் ஒரு பந்திக்கு 250 இலை என்றால் ஆயிரம் பேருக்கு நான்கு பந்தி. பந்திக்கு நாற்பது நிமிடம் வைத்தால் இரண்டு மணி நாற்பது நிமிடம். ஏழு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் கடைசி ஆள் கைகழுவ 9.40 ஆகிவிடும். ஒலி மாசு விதிகளின்படி 10 மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது. தாம்பரத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ரயில் கவலை. ஆயிரம் பேருடைய மாலை என்பது இவ்வளவு இறுக்கமான ஒரு கால அட்டவணை.

எல்லாம் வீட்டிலேயே நடந்த காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. தெருவை அடைத்துப் பந்தல், பக்கத்து வீட்டுத் திண்ணையில் விருந்தாளிகள், கொல்லையில் கோட்டை அடுப்பு என்று கல்யாணம் பல நாள் நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை அப்போதும் காலியாக இல்லை. ஜானவாசமும் மாப்பிள்ளை அழைப்பும் அப்போதுதான். திறந்த காரில் மாப்பிள்ளை ஊர்வலம் வர, ஊரார் வாசலில் நின்று பார்ப்பார்கள். நகரத்தில் வீடு சுருங்கியது, தெருவைப் பேருந்து எடுத்துக்கொண்டது, ஊர்வலம் மண்டபத்துக்குள் போனது. ஊர் பார்ப்பதற்கென்றே இருந்த அந்த மாலையில்தான் ரிசப்ஷன் வந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். அன்று ஊர் பார்க்க மாப்பிள்ளை மட்டும் வந்தான். இன்று பெண்ணும் பக்கத்தில் நிற்கிறாள்.

விளக்கு வெளிச்சத்தில் கூடி, நின்று பேசி, விருந்துண்டு கலையும் பெரிய மாலை நிகழ்ச்சிக்கென்றே ஒரு கட்டடம் கட்டும் வழக்கம் இந்த நகரத்தில் இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. திப்பு சுல்தான் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின், அந்த வெற்றியின் நினைவாக ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு விருந்து மண்டபம் கட்டினார். பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன் இவர். 1802 அக்டோபரில் ஒரு நடன விருந்தோடு மண்டபம் திறக்கப்பட்டது. உயர்ந்த படிக்கட்டு, வரிசையாகத் தூண்கள், கிரேக்கக் கோயில் மாதிரியான முகப்பு. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் இன்றும் நிற்கும் ராஜாஜி ஹால்தான் அது.

அதைக் கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். கம்பெனியின் வானியலாளர், மதராஸ் வானாய்வகத்தைக் கவனித்தவர். அதே 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்துச் சொன்னவரும் அவரே. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடிய 'மதராஸ் நேரம்' அந்தக் கணக்கிலிருந்து வந்தது. நகரத்துக்குக் கடிகாரம் கொடுத்தவரும் நகரத்தின் முதல் பெரிய ரிசப்ஷன் ஹாலைக் கட்டியவரும் ஒரே ஆள். மூன்று மணிக்கு நாள் பிறக்கும் மண்டபங்களில் அலைந்துவிட்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் படிக்கட்டில் யார் ஏறலாம் என்பதை ஆளுநரின் அழைப்பிதழ்தான் முடிவு செய்தது. காலம் அதை மாற்றியது. 1938, 39-இல் மதராஸ் சட்டமன்றம் அங்கே கூடியது. 1948-இல் ராஜாஜியின் பெயர் வந்தது. 1969-இல் அண்ணா, 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி என்று தலைவர்களின் உடல்கள் அங்கே வைக்கப்பட்டன. அழைப்பிதழ் இல்லாத லட்சக்கணக்கான பேர் அதன் வாசலுக்கு வந்தது அழுவதற்காகத்தான்.

கல்யாண மாலைகள் வேறு இடங்களுக்குப் போயின. மவுண்ட் ரோட்டில் தேனாம்பேட்டையில் இருந்த ஆபட்ஸ்பரி பங்களா ஒரு காலத்தில் வசதியான வீட்டுக் கல்யாணங்களுக்குப் பெயர் போனது. இன்று அந்த இடத்தில் நட்சத்திர ஹோட்டல். பிறகு சினிமாக்காரர்களும் மண்டபம் கட்டினார்கள். கோடம்பாக்கத்தில் ரஜினிகாந்தின் ராகவேந்திரா மண்டபம், கோயம்பேட்டில் விஜயகாந்தின் ஆண்டாள் அழகர் மண்டபம். பின்னதில் ஒரு பகுதியை 2007-இல் மேம்பாலத்துக்காக இடித்தார்கள்.

பல்லாவரத்துப் பக்கத்தின் கதை ரயிலோடு சேர்ந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாரிமுனையில் வேலை, பல்லாவரத்தில் வீடு என்ற வாழ்க்கை சாத்தியமானது. அப்படி வாழ்கிறவனின் கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? சொந்தக்காரர்கள் காலையில் வருவார்கள். கூட வேலை பார்ப்பவர்கள், ரயில் சிநேகிதர்கள், எதிர் வீட்டுக்காரர்கள் ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் வர முடியும். முகூர்த்தம் குடும்பத்தின் நேரம் என்றால், மாலை ஊரின் நேரம்.

என் கண்ணில் இந்த மாலையின் முக்கியமான விஷயம் இதுதான். முகூர்த்தத்தில் கூடுவது பெரும்பாலும் ஒரே சாதிதான். மாலைப் பந்தியில் அப்படிப் பார்க்க வழியில்லை. மேனேஜர் பக்கத்தில் வாட்ச்மேன், அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் ஜிம் நண்பன். 1924, 25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. சேர்ந்து சாப்பிடுவது அவ்வளவு பெரிய சண்டையாக இருந்த ஊர் இது. எந்தப் போராட்டமும் அறிவிக்காமல், யார் பக்கத்தில் யார் என்று கேட்காமல், ஆயிரம் பேர் ஒரே வரிசையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். சாதி போய்விட்டதா? இல்லை. மறுநாள் காலை மணவறையில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் லேசான விஷயம் இல்லை.

அதற்கு விலை இருக்கிறது. வாடகை, ஏசி, ஜெனரேட்டர் டீசல், கிளீனிங் சார்ஜ், மேடை அலங்காரம், லைட் மியூசிக். காலைச் செலவை மாலைச் செலவு எப்போதோ தாண்டிவிட்டது. பல வீடுகளில் தாலி வாங்கிய கடனைவிட ரிசப்ஷன் கடன்தான் பெரியது.

2020-இல் ஊரடங்கு வந்தபோது கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று விதி போட்டார்கள். வீட்டு மாடியிலும் கோயில் வாசலிலும் தாலி கட்டினார்கள். மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. வருமானமே இல்லாத தன் மண்டபத்துக்கு ஆறரை லட்ச ரூபாய் சொத்து வரியா என்று ரஜினிகாந்த் உயர் நீதிமன்றத்துக்கே போய், பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றார். பெரிய மாலை இல்லாமலும் கல்யாணம் நடக்கும், கடனும் இருக்காது என்று எல்லோரும் நேரிலேயே பார்த்துவிட்டோம். ஆனால் கட்டுப்பாடு தளர்ந்ததும் மாலைகள் திரும்பி வந்தன, முன்பைவிடப் பெரிதாக. இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரோடு உட்கார்ந்து சாப்பிட நமக்கு வேறு சந்தர்ப்பம் அதிகம் இல்லை.

உள்ளாட்சிகள் நடத்தும் சமுதாய நலக்கூடங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. பெரும்பாலும் சின்னவை, வசதியும் சுமார்தான். 2021-இல் பல்லாவரமும் தாம்பரமும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆகிவிட்டன. ஆயிரம் பேருக்கு இலை போடுகிற மாதிரி ஒரு நல்ல பொதுக்கூடத்தை அந்த மாநகராட்சியிடம் நாம் கேட்கலாம். சாலை, குடிநீர் கேட்கிற அதே குரலில் கேட்கலாம்.