நபிவழியில் நகைச்சுவை: சிரிப்பும் சீர்திருத்தமும்

பயான் என்றால் குரல் உயர வேண்டும், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதென்றால் முகம் கடுகடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் இருக்கிறது. ஆனால் மார்க்கத்தைக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வேடிக்கையாகவும் பேசியிருக்கிறார்கள். அதைக் கண்டு தோழர்கள் வியந்தபோது, வேடிக்கையிலும் தாம் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று விளக்கினார்கள். இதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பதாகத் திர்மிதீயில் காண்கிறோம்.

யோசிக்க வைத்த ஒட்டகக் குட்டி

ஒருவர் வந்து தமக்கு வாகனமாக ஓர் ஒட்டகம் கேட்டார். பெண் ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாக நபியவர்கள் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகம் ஈன்றதுதானே என்று நபியவர்கள் கேட்டார்கள் (அபூதாவூத், திர்மிதீ). சொன்னதில் பொய் இல்லை. கேட்டவர் சற்று நிதானித்திருந்தால் விடை அவருக்கே கிடைத்திருக்கும்.

ஸாஹிரின் மதிப்பு

ஸாஹிர் (ரலி) பாலைவனப் பகுதியைச் சேர்ந்தவர். பார்வைக்கு அழகானவர் அல்லர். அவர் சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது நபியவர்கள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, இந்த அடிமையை வாங்குபவர் யார் என்று குரல் கொடுத்தார்கள். தாம் விலைபோகாத சரக்கு என்று ஸாஹிர் சொல்ல, அல்லாஹ்விடம் அவர் மதிப்பு மிக்கவர் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள் (முஸ்னத் அஹ்மத்). இங்கும் பொய் இல்லை. மனிதர் அனைவரும் அல்லாஹ்வின் அடிமைகளே. தன்னைத் தாழ்வாக எண்ணியிருந்த ஒருவரின் மனக்காயத்திற்கு அந்த வேடிக்கையே மருந்தானது.

அழிந்தேன் என்று வந்தவர்

ரமளானில் நோன்பை முறித்துவிட்ட ஒருவர், தாம் அழிந்துவிட்டதாகப் பதறி வந்தார். அடிமையை விடுதலை செய்வது, இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்பது, 60 ஏழைகளுக்கு உணவளிப்பது ஆகிய மூன்று பரிகாரங்களுமே அவரால் இயலவில்லை. தர்மம் செய்யச் சொல்லி ஒரு கூடை பேரீச்சம்பழம் கொடுக்கப்பட்டது. மதீனாவில் தம் குடும்பத்தைவிட ஏழைகள் யாரும் இல்லையே என்றார் அவர். நபியவர்கள் பற்கள் தெரியச் சிரித்து, அதைக் குடும்பத்திற்கே உண்ணக் கொடுக்கச் சொன்னார்கள் (புகாரீ, முஸ்லிம்). பரிகாரச் சட்டமும் சொல்லப்பட்டது. பதறி வந்தவர் பழக்கூடையோடு வீடு திரும்பினார்.

எல்லைகள்

மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவருக்குக் கேடுதான் என்று நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள் (அபூதாவூத், திர்மிதீ). பயணத்தில் உறங்கிய ஒருவரின் கயிற்றை மற்றொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது ஆகுமானதல்ல என்று அப்போது கூறினார்கள் (அபூதாவூத்). இன்றைய 'பிராங்க்' வீடியோக்களுக்கும் இது பொருந்தும். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைக் கேலி செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் குர்ஆன் 49:11 தடுக்கிறது.

பிற்கால அறிஞர்களும் நகைச்சுவையை ஒதுக்கிவிடவில்லை. ஹிஜ்ரி 597-இல் (கி.பி. 1201) மறைந்த பக்தாதின் புகழ்பெற்ற போதகர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), மூடர்களைப் பற்றிய வேடிக்கைச் செய்திகளைத் தனி நூலாகவே தொகுத்தார்.

நம் வீடுகளில்

கல்யாண வீட்டில் ஒரு பெண்ணின் நிறத்தையோ உடல் எடையையோ சொல்லிச் சிரித்துவிட்டு, "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்கிறோம். நாம் அதை மறந்துவிடுவோம். அந்தப் பெண் பல வருடங்களுக்கு மறப்பதில்லை. அடுத்த விருந்துக்கு வராமலே இருந்துவிடுகிறாள்.

ஃபஜ்ருக்கு எழாத மகனை "சோம்பேறி" என்றால் அந்தப் பெயர் அவனோடு ஒட்டிக்கொள்ளும். "இன்றும் தலையணை ஜெயித்துவிட்டதா வாப்பா?" என்று கேட்டால் கேலி தலையணையோடு போய்விடும், தொழுகையின் நினைவு அவனிடம் தங்கும்.

ஒரு வேடிக்கையைச் சொல்லுமுன் மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இது உண்மையா? யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவரும் சேர்ந்து சிரிப்பாரா? சிரித்து முடித்த பின் அவரிடம் நல்லது ஏதேனும் மிஞ்சுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகச் சொல்லலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வாய்மூடியிருப்பதே நலம்.