டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு

போன மாசம் எங்க வீட்டு பாத்ரூம்ல வேலை. பழைய டைல்ஸ் உடைச்சாச்சு, மறுநாள் புதுசு ஒட்டணும். அப்போதான் பார்த்தோம், சுவர்ல பதிச்ச ஸ்டாப் காக்கோட ஸ்பிண்டில் ஓரமா சொட்டுச் சொட்டா தண்ணி. "இதை அப்படியே மூடினா, சீக்கிரமே டைல்ஸை மறுபடி உடைப்பீங்க தம்பி"ன்னார் பிளம்பர் அண்ணன்.

மாடி டேங்க் வால்வை மூடிட்டு அவர் அதைக் கழட்டினார். உள்ளே ஒரு பித்தளைத் திருகு, அதோட முனையில ஒரு வாஷர். அவ்வளவுதான். இந்த அமைப்புக்கு ஏறக்குறைய 180 வயசு!

அதுக்கு முன்னாடி இருந்தது ரோமானியர் வகை. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேயில் வெண்கல வால்வுகள் கிடைச்சிருக்கு. நடுவில் துளை போட்ட அடைப்பான். கால் சுற்று திருப்பினா தண்ணி நின்னுடும். ஆனா உலோகத்தோட உலோகம் உரசித் தேயும், ஒழுகும். படக்குன்னு மூடினா குழாய் அதிரும். இங்கிலாந்துல ரொம்ப காலம் இதை வெச்சே சமாளிச்சாங்க. தண்ணி நேரம் பார்த்துத்தான் வந்தது, அழுத்தமும் கம்மி.

1831-ல் நாட்டிங்ஹாமில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற இன்ஜினியர் நாள் முழுக்க அழுத்தத்தோட தண்ணி கொடுத்துக் காட்டினார். அந்த அழுத்தத்தைப் பழைய குழாய் எப்படித் தாங்கும்? 1845-ல் ராதர்ஹாமின் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம், திருகி மெதுவா மூடுற குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது. தேய்மானத்தை ஒரு வாஷர் மேல தள்ளிவிட்டாங்க: அன்னைக்குத் தோல், இப்போ ரப்பர். தேஞ்சா அதை மட்டும் மாத்தினாப் போதும். எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் முடிவு இது.

ஆனா திருகு வெளியே நீட்டணுமே, அந்த இடத்தைச் சுத்தி ஒரு அடைப்பு வேணும். எங்க வீட்டுல ஒழுகினது சரியா அங்கேதான். (எங்க தெருவுல இப்பவும் தண்ணி நேரம் பார்த்துதான் வருது. சம்ப், மோட்டார், டேங்க்னு ஆளாளுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு ஹாக்ஸ்லி வேலை பார்க்கிறோம்.)

அண்ணன் வாஷரை மாத்தி, கிளாண்ட் நட்டை இறுக்கினார். சொட்டு குறைஞ்சது, நிக்கல. மறுபடி கழட்டி, டெஃப்லான் டேப்பை நூல் மாதிரி முறுக்கி ஸ்பிண்டிலைச் சுத்தி அடைச்சார். டெஃப்லானும் 1938-ல் தற்செயலா கிடைச்சதுதான். ராய் பிளங்கெட் வாயு சிலிண்டரைத் திறந்தார், ஒண்ணும் வரல. அறுத்துப் பார்த்தா உள்ளே வெள்ளைப் பொடி.

ராத்திரி ஸ்பிண்டிலைச் சுத்தி டிஷ்யூ பேப்பர் கட்டி வெச்சோம். காலையில டைல்ஸ் போடுறவர் வந்து நின்னப்போ, பேப்பர் காஞ்சே இருந்தது.