சர்க்கஸ் சிங்கம் எங்கே போனது?

சர்க்கஸில் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வைத்து வித்தை காட்ட 1998-இல் மத்திய அரசு தடை விதித்தது. சர்க்கஸ் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2001-இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

சரி, விடுதலையான சிங்கம் எங்கே போகும்? கூண்டிலேயே வளர்ந்ததற்கு வேட்டையாடத் தெரியாது; மனிதரைக் கண்டு பயமும் இல்லை. காட்டில் விட்டால் பட்டினி கிடக்கும், அல்லது ஊருக்குள் வரும். ஆகவே வண்டலூர், பன்னார்கட்டா, திருப்பதி போன்ற இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சாகும்வரை இறைச்சி போட வேண்டியிருந்தது.

காட்டுக்குத் திரும்ப முடியாத விலங்குகள் இன்றும் பூங்காக்களுக்கு வருகின்றன. செலவு யாருடையது? வண்டலூரில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. தத்தெடுத்த விலங்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தீவனச் செலவைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். டிக்கெட் வாங்கிக் கைதட்டிய ஊருக்கு, பழைய கடனைத் தீர்க்க இதுவும் ஒரு வழி!