பயங்கரவாதி

வடமொழியில் பயம் என்பது அச்சம். கரம் என்பது செய்வது. வாதி என்பவன் ஒரு கொள்கையைச் சாதித்து நிற்பவன். ஆகவே, அச்சம் விளைவிப்பதையே மார்க்கமாகக் கொண்டவன் என்பதே பயங்கரவாதி என்னும் பதத்தின் நேர்ப்பொருள். இப்பதத்துக்கு இணையான பிரெஞ்சுச் சொல், 1793, 1794ஆம் ஆண்டுகளில் பாரிஸில் கில்லட்டின் என்னும் சிரச்சேத யந்திரத்தைக் கொண்டு ஆட்சி நடத்தியோரைக் குறிக்கப் பிறந்தது. அதாவது, முதன்முதலில் அது சுட்டியது அரசாங்கத்தாரையே.

சொல்லின் இலட்சணத்தில் மதமும் இல்லை, நிறமும் இல்லை. அவ்வாறிருக்க, 2015 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துத் தேவாலயத்தில், வேதபாடம் கேட்க அமர்ந்திருந்த கறுப்பின மக்கள் 9 பேரை இனத்துவேஷத்தால் சுட்டுக் கொன்ற வெள்ளை இளைஞனைப் பத்திரிகைகள் பல ‘துப்பாக்கிதாரி’ என்றே எழுதின. தாரி என்றால் தரித்தவன். அச்சொல் கையிலிருந்த ஆயுதத்தைச் சொல்லுமேயன்றி, நெஞ்சிலிருந்த நோக்கத்தைச் சொல்லாது. மாண்டவர்களுக்கு இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், 2019 மார்ச் 15 அன்று, இரண்டு மசூதிகளில் தொழுகைக்குக் கூடியிருந்தோர்மீது நிகழ்ந்து 51 உயிர்களைப் பலிகொண்ட தாக்குதலுக்குப்பின், அன்றைய பிரதமர் ஜஸிந்தா ஆர்டெர்ன் கொலையாளியைப் பயங்கரவாதி என்றே அழைத்து, அவன் பெயரை உச்சரிக்க மறுத்தார். அதுவே சரியான பிரயோகம்.