கல்யாணம் ஆனதுக்கு என்ன அத்தாட்சி?

எங்கள் பேகம்பூருக்கு வந்ததே ஒரு மனைவியின் பெயர்தான். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம், திண்டுக்கல்லை நிர்வாகம் செய்த கணவர் மீர் ரசா அலி கானோடு இங்கே வாழ்ந்தார், இங்கேயே இறந்தார், பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது உள்ளூரில் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. கணவன் உத்தியோகம் பார்க்கிற ஊருக்கு மனைவி போய்ச் சேர அன்றைக்குப் பல்லக்கும் காவலும் தேவைப்பட்டது. இன்றைக்குத் தேவைப்படுவது காகிதம்.

கொஞ்ச மாதமாக அப்படி ஒரு காகிதக் கட்டைச் சேர்க்க உதவிக்கொண்டிருக்கிறேன். கணவர் அமெரிக்காவில், மனைவி இங்கே. நிக்காஹ் நடந்தபோது ஜமாஅத் தப்தரில் எழுதியதன் நகல், சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்று, இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, பிறப்புச் சான்று, போலீஸ் சான்று. இதெல்லாம் போக, கல்யாணம் "நிஜம்தான்" என்று காட்டுவதற்குப் போட்டோக்கள், விமான டிக்கெட்டுகள், பணம் அனுப்பிய ரசீதுகள், போனில் பேசிய கணக்கு. ஊரே பிரியாணி சாப்பிட்டுப் போன கல்யாணத்துக்கு எதற்கு இவ்வளவு என்று வீட்டுப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். "இது கல்யாணம்தானா?" என்று ஒரு அரசாங்கம் நம்மவர்களை முதன்முதலில் எங்கே கேட்டது என்று தேடப் போனதில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

1913: கேப் டவுன் தீர்ப்பு

மிகப் பெரிய வழக்கு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. போர்ட் எலிசபெத்தில் வசித்துவந்த ஹசன் ஈசப் என்பவர் இந்தியா வந்து, இஸ்லாமிய முறைப்படி பாய் மரியம் என்ற பெண்ணை மணந்துகொண்டு திரும்பினார். குடியேற்ற அதிகாரிகள் அவர் மனைவியை இறங்க விடவில்லை. வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி மால்கம் சியர்ல் தீர்ப்புச் சொன்னார்: பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை இந்த நாட்டுச் சட்டம் திருமணமாக ஏற்காது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒருவர் உண்மையில் இரண்டு மனைவி வைத்திருக்கிறாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. அவருடைய மதம் அதை அனுமதிக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் முஸ்லிம் திருமணங்களோடு அன்றைய இந்துத் திருமணங்களும் சேர்ந்து அடிபடும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவிகளின் சட்ட நிலை கேள்விக்குறியானது. பிள்ளைகளின் வாரிசு உரிமையும் அதோடு ஆட்டம் கண்டது.

காந்தியின் போராட்டத்தில் அதுவரை பெண்கள் சிறைக்குப் போனதில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு போனார்கள். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட ஃபீனிக்ஸ் குழு எல்லையைத் தாண்டிக் கைதானது. டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த 11 பெண்கள் நியூகாசில் சுரங்கப் பகுதிக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அந்த 11 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர் மீது விதித்திருந்த 3 பவுண்டு வரிதான் சுரங்கத் தொழிலாளரை அதிகம் வாட்டியது. ஆனால் பெண்களைத் தெருவுக்கு இழுத்து வந்ததில் திருமணத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

தில்லையாடி வள்ளியம்மையை நாம் பள்ளிப் பாடத்தில் படித்தோம். 16 வயது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை, காய்ச்சல், 1914 பிப்ரவரி 22 அன்று மரணம். அந்தப் போராட்டக் கோரிக்கைகளில் ஒன்று மனைவியை மனைவி என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. இதைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கல்யாணமே ஆகாத பெண் ஒருத்தி, மற்றவர்களின் கல்யாணம் செல்லும் என்பதற்கும் சேர்த்துத்தான் சிறைக்குப் போயிருக்கிறாள்.

1914ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை ஒழித்தது. ஒரு மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் அழைத்துவர அனுமதித்தது. வெற்றிதான். ஆனால் 1953ல் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தம், இந்தியாவிலிருந்து மனைவியை அழைத்து வரும் வழியையே அடைக்க ஆரம்பித்தது. ஒருமுறை போராடி வாங்கிய உரிமை நிரந்தரம் என்று யாரும் நினைத்துவிட முடியாது.

சான்றிதழ் பிறந்த கதை

கனடாவிலும் இதே சமயத்தில் இதே கதைதான். 1912 ஜனவரியில் பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இரண்டு சீக்கியர்கள் மனைவி மக்களோடு வான்கூவர் வந்தார்கள். கணவர்கள் இறங்கலாம், மனைவிகள் இறங்கக்கூடாது என்றது அரசு. இந்தியாவிலிருந்து நேரடியாக ஒரே பயணத்தில் வர வேண்டும் என்பது அன்றைய விதி. அப்படி நேரடியாக வரக் கப்பலே இல்லை! கடைசியில், முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்ற நிபந்தனையோடு, கருணையின் பேரில் விட்டார்கள்.

1918 பேரரசுப் போர் மாநாட்டில் இதற்கு ஒரு பொது ஏற்பாடு தீர்மானமாக வந்தது. டொமினியன் நாடுகளில் ஏற்கெனவே குடியிருக்கும் இந்தியர்கள் மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனை. ஒரு மனைவிக்கு மேல் கூடாது. இவர்தான் சட்டப்படியான மனைவி என்று இந்திய அரசு சான்று தர வேண்டும். இன்றைக்கு நாம் கட்டுகிற ஃபைலின் முப்பாட்டன் இந்தச் சான்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊருக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்த கல்யாணம், சர்க்காருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆனது இப்படித்தான்.

மலாயா: காத்திருந்ததே குற்றம்

இனி நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்த கதை. அன்றைய மதுரை, ராமநாதபுரம், தஞ்சை மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன கடைக்காரர்கள், கணக்கப்பிள்ளைகள், கூலிக்காரர்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் ஆண்கள் தனியாகத்தான் போனார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை ரஜூலா மாதிரி கப்பலில் ஊருக்கு வந்து, சில மாதம் தங்கி, திரும்பப் போவார்கள். மனைவி ஊரில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்வார். பணமும் கடிதமும் வரும். அதுவும் குடும்பம்தான், இரண்டு கரையில் நடந்த குடும்பம்.

1953 ஆகஸ்ட் 1 முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கெடுபிடி. ஆனால் ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களின் மனைவி, பிள்ளைகள் வர வழி இருந்தது. 1959ல் மலாயாவில் அந்த வழியும் குறுகியது. கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்து ஆண்டு வாழ்ந்த மனைவிக்கு அனுமதி இல்லை என்று விதி வந்தது.

இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்கள் ஏன் பிரிந்திருந்தார்கள்? கப்பல் செலவு, வீட்டில் வயதானவர்கள், கடைக்கு மேலே ஒரே அறையில் ஆறு பேரோடு படுக்கும் கணவன், நடுவில் ஜப்பான்காரன் யுத்தம். சேர்ந்து வாழ முடியாத நிலைமையால் வந்த பிரிவு அது. "இவ்வளவு நாள் பிரிந்துதானே இருந்தீர்கள், இனி எதற்குச் சேர வேண்டும்?" என்று கேட்டது சட்டம். காத்திருந்தவளின் பொறுமையே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இங்கிலாந்து

இங்கிலாந்து 1969ல் வேறு ஒரு வழி கண்டுபிடித்தது. குடும்பத்தார் புறப்படும் முன்பே சொந்த நாட்டில் நுழைவுச் சான்று வாங்கிவிட வேண்டும். இதனால் லண்டன் விமான நிலைய வரிசை டாக்காவுக்கும் இஸ்லாமாபாதுக்கும் டெல்லிக்கும் இடம் மாறியது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, பதிலில் முரண் இருந்தால் நிராகரித்தார்கள்.

அந்தச் சந்தேகம் எதுவரை போனது என்பதற்கு 1979 ஜனவரி சாட்சி. நிச்சயம் செய்தவரை மணக்க லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்தியப் பெண் ஒருவரை, ஏற்கெனவே கல்யாணமானவரோ என்று சந்தேகித்து மருத்துவரை விட்டுக் கன்னிமைப் பரிசோதனை செய்தார்கள். கார்டியன் பத்திரிகை செய்தி வெளியிட்டதும் அந்த நடைமுறையை நிறுத்தினார்கள். பிறகு 2011ல் வெளிவந்த ஆவணங்களில், குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்திருப்பது தெரிந்தது.

அமெரிக்கா: இரண்டு விதக் காத்திருப்பு

அமெரிக்காவைப் பொறுத்தவரை 1946 வரை இந்தியர்கள் குடியேறுவதற்குக் கிட்டத்தட்ட வழியே இல்லை. அந்த ஆண்டு வந்த லூஸ்-செல்லர் சட்டம் வருஷத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கியது. முழு இந்தியாவுக்கும் 100! 1965 சட்டத்துக்குப் பிறகுதான் கதவு அகலமாகத் திறந்தது. குடும்பம் சேர்வது அந்தச் சட்டத்தின் நடுத்தூண்.

இங்கே வாசகர்கள் பலருக்கும் வரும் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. மேஜை மேஜையாக ஃபைல் நகர்கிற நேரம்தான் தாமதம்: முதலில் ஐ-130 மனு, அடுத்து தேசிய விசா மையத்தில் கட்டணம், கணவரின் வருமான உறுதிமொழி, சான்றுகள், அப்புறம் மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். கணவர் கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால் இதோடு இன்னொரு வரிசையும் சேரும். ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்று உச்சவரம்பு உண்டு. மனு போட்ட தேதிதான் நம்முடைய டோக்கன் நம்பர். மாதாமாதம் வருகிற விசா அறிக்கையில் அந்தத் தேதி எப்போது எட்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில மாதம் தேதி பின்னாலும் போகும்!

இந்த வரிசை அளவுக்கு மீறிவிட்டது என்பதை அமெரிக்க நாடாளுமன்றமே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2000 டிசம்பரில் வந்த சட்டம், மனுப் போட்டு மூன்று வருஷமாகக் காத்திருக்கும் கிரீன் கார்டுக்காரர்களின் மனைவி, கணவன், பிள்ளைகளுக்கென்று "வி" என்ற தனி விசாவை உண்டாக்கியது. அங்கே போய்க் குடும்பத்தோடு இருந்துகொண்டே காத்திருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் கையெழுத்தான நாள் வரை மனுப் போட்டவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடையாது.

சந்தேகப்படும் பக்கத்துக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. விசாவுக்காகவே நடக்கும் கல்யாணங்கள் உண்டு. 1986ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தால், கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியாமல் போகிறவருக்கு நிபந்தனையோடு கூடிய இரண்டு வருஷ கிரீன் கார்டுதான் கிடைக்கும். காகிதம் பெண்ணுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது. இங்கே கல்யாணம் செய்துவிட்டு வெளிநாடு போய் மறந்துவிடுகிற ஆண்களிடம் தப்தர் நகலும் பதிவுச் சான்றும்தான் பேசும். தமிழ்நாட்டில் 2009ல் வந்த திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. ஜமாஅத் தப்தரோடு நின்றுவிடாமல் அதையும் முடித்துவைப்பது நல்லது.

ஆனாலும் ஒரு விஷயம் இந்த நூறு வருஷத்தில் மாறவில்லை. ஆணின் உழைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்ட நாடுகள் அவனுடைய வீட்டை மட்டும் சந்தேகத்தோடு பார்த்தன. நிரூபிக்கிற பாரமும் நாள் எண்ணுகிற பாரமும் அதிகம் விழுந்தது இந்தக் கரையில் இருந்தவள் மேல்தான்.

அதனால்தான் ஃபைல் கட்டும் தங்கச்சிகளுக்கு நான் சொல்வது: கல்யாண ஆல்பத்தை விடவும் பிரிந்திருந்த நாட்களின் தடயங்களைப் பத்திரமாக வையுங்கள். பேசியது, பணம் வந்தது, அவர் லீவில் வந்து போன டிக்கெட், ஆஸ்பத்திரி ரசீது எல்லாம். பிரிவு நம்முடைய விருப்பம் இல்லை என்பதற்கு அவைதான் சாட்சி. 1959ல் அந்தப் பெண்களிடம் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் இருந்திருக்கும். அவற்றை யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் மலாயா காலத்துப் பாஸ்போர்ட், மறுநுழைவு அனுமதி, நன்னிமார் வைத்திருந்த கடிதக்கட்டு ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தேதியும் கப்பல் பேரும் குறித்துவைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மலாயாவுக்குப் போன கணவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். போக முடியாமல் நின்ற மனைவிகளின் வரலாறு அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது.