கண்டியில் ஓடும் சுவரும்

கண்டி நகரில் வாப்பாவின் கடைக்குப் பழைய ஓட்டுக்கூரை. மாரியில் நாலைந்து இடங்களில் ஒழுகும். துணிக்கட்டுகளுக்கு நடுவே வாளி வைப்போம். ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போட வாப்பா ஆசைப்பட்டார். கடை புனித நகர எல்லைக்குள் இருக்கிறது, கூரையின் தோற்றத்தை மாற்ற முடியாது என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். "நம்மட கூரைக்கும் ராஜாட உத்தரவு வேணுமா?" என்று அலுத்துக்கொண்டார்.

வாப்பாவின் பேச்சில் வரலாறு இருந்தது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் குடிகளின் வீடுகளைப் பற்றி எழுதுகிறார். ஒரு தளத்துக்கு மேல் கட்டக்கூடாது, ஓடு வேயக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசக்கூடாது. சுண்ணாம்புக்குப் பதிலாக ஒருவகை வெண்களியைச் சிலர் பூசிக்கொண்டார்களாம். சட்டம் இருக்கும் இடத்தில் சந்தும் இருந்திருக்கிறது! அன்று ஓடு போடத் தடை. இன்று ஓட்டைக் கழற்றத் தடை.

அதே நூலில் நமக்கு இன்னும் முக்கியமான ஒரு செய்தி உண்டு. கண்டி நகரில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளிவாசல் இருந்தது. முந்திய அரசன் ஒருவன் கொடுத்தது. நிலமுள்ள ஒவ்வொரு குடியும் அதற்கு ஒரு பணம் செலுத்த வேண்டும் என்பது கட்டளை. வீடு பூட்டியிருந்தால் உடைத்துப் பெறுமதிக்குப் பொருள் எடுக்கவும் வசூலிப்போருக்கு உரிமை இருந்தது. தொலஸ்பாகை மக்கள் மட்டும் வந்தவர்களை அடித்து விரட்டி, அந்த இறுப்பிலிருந்து விலக்கும் பெற்றுவிட்டார்கள். ஆக, பௌத்த அரசொன்றின் தலைநகரில் பள்ளிவாசலைப் பேணுவதும் ஒரு காலத்தில் அரச சட்டமாகவே இருந்திருக்கிறது.

இப்போதைய சட்டங்களுக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களையே புராதன சின்னம் என்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். இராச்சியம் விழுந்த நாளோடு புராதனமும் முடிந்துவிட்டது போலும்! நூறாண்டு கடந்த பிற்காலக் கட்டடங்களை வர்த்தமானி மூலம் பாதுகாக்க வழி உண்டு. ஆனால் யாராவது கேட்க வேண்டும். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு கூரையும் முகப்பும் உயரமும் இன்னும் உன்னிப்பாகக் கவனிக்கப்படுகின்றன. அது நல்லதுதான். வாப்பாவின் வாளிகளை மறக்காமலேயே இதைச் சொல்கிறேன்.

ஆனால் விதி முகப்பைத்தான் பார்க்கிறது. மர யன்னலும் மேல்மாடியுமாக நிற்கும் கடைகளில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் காலத்தவை. அங்கே யார் வியாபாரம் செய்தார்கள், எந்தக் கரையோர ஊரிலிருந்து வந்தார்கள் என்பதைச் சுவர் சொல்லாது. 1915 மே 28 இரவு கலவரம் மூண்டது காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகில். இன்று அது கொட்டுகொடல்ல வீதி. பழைய பெயர் போனதோடு, அவ்வழியே நடக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த இரவும் போய்விட்டது.

பிறரை மட்டும் குறைசொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. நகரத்துக்கு வெளியே எங்கள் ஊர்ப் பள்ளிக்கு எந்த விதியும் காவல் இல்லை. தாழ்ந்த ஓட்டுக்கூரை, பலா மரத் தூண்கள், கல் பதித்த ஹவ்ளு. சனம் பெருகியது, இடம் போதவில்லை. நிர்வாகத்தாரின் நியாயம் பொய்யல்ல. ஆனாலும் பின்னால் காணி கிடந்தது. அங்கே கட்டி, பழையதை மதரஸாவாக வைத்திருக்கலாம். கூட்டத்தில் அதைச் சொன்ன நாலு பேரில் நானும் ஒருவன். இரண்டு கிழமையில் இடித்துவிட்டார்கள். தூண்களை லொறிக்காரர் ஒருவர் வாங்கிப் போனார்.

இடிக்கும் முன் ஒரு படமாவது எடுத்தோமா என்று பிறகு வீடுவீடாக விசாரித்தேன். கிடைத்தது ஒரேயொரு கலியாணப் படம். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், அரைத்தூணும் கொஞ்சம் ஓடும் தெரிகின்றன.